பால்மரத் தோட்டமும் மைப்பேனாவும்: தாப்பா வட்டாரத்தின் எழுத்து வரலாறு

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைமை ஊராக விளங்கும் தாப்பா, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊராகவே இருந்தது. அத்தோட்டங்களில் உழைத்த தமிழர்களைப் பற்றி எழுதியோர் கங்காணி முறை, லயத்து வாழ்க்கை, கூலி, கள்ளுக்கடை, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். ஆனால் தோட்டத்தில் எழுத்து யார் கையில் இருந்தது, அது எந்தக் கருவியால் எழுதப்பட்டது, அக்கருவி பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளையின் சட்டைப்பைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. உள்ளேயே மையைத் தேக்கிவைத்து, எழுத எழுத அதை முனைக்கு அனுப்பும் மைப்பேனா, இவ்வினாக்களுக்கு விடை தேட ஏற்ற பொருளாகும். முதல் பேனாவாக எதை வாங்குவது என்பது இவ்வட்டாரத்தில் தனி விருப்பத்தால் மட்டும் முடிவானதன்று. செய்யவேண்டிய எழுத்து வேலையும், கிடைத்த மையும் தாளும், வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றும், வாங்குபவரின் கூலியும் சேர்ந்தே அதை முடிவு செய்தன.

பேனாவுக்கும் பேராக்குக்கும் உள்ள உறவு, பேனா இங்கே விலைக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1877ஆம் ஆண்டு இலண்டனின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது, பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றைச் சேர்ந்த ஒரு மரம் அவ்வூரில் இன்றும் நிற்கிறது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பேனா செய்தவர்களுக்கு மிகவும் வேண்டியிருந்த பொருள் எபோனைட் ஆகும். ரப்பரோடு அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கந்தகம் கலந்து நெடுநேரம் சூடேற்றினால், இழுபடும் தன்மை நீங்கி, கடைந்தெடுக்கத் தக்க கருமரம் போல் இறுகும் பொருளுக்கு எபோனைட் என்று பெயர். புளிப்புத் தன்மையுள்ள மை அதை அரிப்பதில்லை. கையில் பிடித்தால் சூடும் குளிரும் உறைப்பதில்லை. 1880கள் முதல் 1920கள் வரை உலகில் செய்யப்பட்ட மைப்பேனாக்களில் பெரும்பாலானவை எபோனைட்டால் ஆனவை. தொடக்கத்தில் பிரேசில் நாட்டுக் காட்டு ரப்பரே இதற்குப் பயன்பட்டதென்றாலும், 1910களில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சி, மலாயா உலகின் முதன்மை உற்பத்தி நாடாக ஆனபின், பேனாவின் உடலும் உள்ளிருக்கும் மைப்பையும் பெரும்பாலும் தோட்டப் பாலிலிருந்தே உருவாகியிருக்க வேண்டும். விடியுமுன் எழுந்து மரத்தில் வெட்டுப் போட்டு, மங்கு என்னும் கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தவர்களில் மிகப் பலர் பேனா பிடித்து எழுதாதவர்கள் என்பது இவ்வரலாற்றின் முரண்.

பேனாவின் அமைப்பைச் சிறிது விளக்கினால்தான் பின்னர் நடந்த தேர்வுகள் விளங்கும். மை கீழே இறங்க வேண்டுமானால், வெளியேறும் மையின் இடத்தை நிரப்ப அதே அளவு காற்று உள்ளே போக வேண்டும். காற்று போகாவிட்டால் பேனா எழுதாது, கட்டுப்பாடின்றிப் போனால் மையைக் கக்கிவிடும். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கு என்னும் துண்டில் நுண்ணிய பள்ளங்கள் வெட்டி, மை இறங்கவும் காற்று ஏறவும் வழிசெய்த அமைப்புக்கு நியூயார்க்கின் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றார். அக்காலப் பேனாக்களின் கழுத்தைத் திருகிக் கழற்றி, கண்ணாடி ஃபில்லரால் மையைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டியிருந்தது. 1908இல் வால்டர் ஷெஃபர் காப்புரிமை பெற்ற நெம்புகோல் முறையில், பேனாவுக்குள் ரப்பர்ப் பை ஒன்று இருந்தது. பக்கவாட்டு நெம்பை இழுத்துப் பையை அமுக்கி, நிப்பை மைக்கூட்டில் தோய்த்து, நெம்பை விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சிக்கொண்டது. குளிர்நாடுகளில் இது நல்ல ஏற்பாடாக இருந்தது. மலாயாவின் வெப்பத்திலோ ரப்பர்ப் பை விரைவில் இளகிப் பிசுபிசுத்துப் போனது. ஜெர்மனியின் பெலிக்கான் நிறுவனம் 1929இல் விற்பனைக்குக் கொண்டுவந்த திருகு பிஸ்டன் பேனாவில் பையே இல்லை. வெப்பநாட்டுப் பயன்பாட்டுக்கு அது பொருத்தமான அமைப்பாக இருந்தது.

தோட்டத்தில் பேனா முதலில் இடம்பிடித்தது கிராணியின் மேசையில்தான். கிராணி என்பவர் தோட்ட அலுவலக எழுத்தர்; ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் இவ்வேலைகளில் பெருமளவில் அமர்ந்திருந்தனர். விடியற்காலைப் பிரட்டில், அதாவது தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் அழைக்கும் கூட்டத்தில், வந்தவர் வராதவர் குறிக்கப்பட்டனர். பகலில் பால் நிறுக்கப்பட்டு, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியால் அதிலுள்ள காய்ந்த ரப்பரின் அளவு கணிக்கப்பட்டு, ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் ஏற்றப்பட்டது. இவையெல்லாம் செக்ரோல் என்னும் பெரிய பதிவேட்டில் சேர்ந்து, மாதக் கடைசியில் சம்பளமாகக் கணக்கிடப்பட்டன. குறுகிய கட்டங்களில் நாள்தோறும் எண்களை நிரப்பும் இவ்வேலைக்கு, கோடு தடிக்காத மெல்லிய முனை வேண்டும். ஒரு பக்கம் முடிவதற்குள் பலமுறை மைக்கூட்டில் தோய்க்க வேண்டிய தொட்டெழுதும் பேனாவைவிட, நிரப்பிய மையோடு நெடுநேரம் எழுதும் பேனா எழுத்தரின் நேரத்தை மிச்சப்படுத்தியது.

பதிவேட்டு எழுத்துக்கு மை இரண்டாம் நிபந்தனையாயிற்று. ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கவேண்டிய ஏடுகளுக்கு நீலக்கறுப்பு மை பயன்பட்டது. மாசிக்காயிலிருந்து எடுத்த துவர்ப்பொருளும் இரும்பு உப்பும் சேர்ந்த இம்மை, எழுதும்போது நீலமாகத் தோன்றிக் காற்றுப் பட்டபின் கறுத்துத் தாளோடு ஒன்றிவிடும். கடுக்காயையும் அன்னபேதியையும் கொண்டு வீட்டிலேயே மை காய்ச்சிய தமிழருக்கு இந்த வேதியியல் புதிதன்று. ஆனால் இம்மையின் அமிலம் சாதாரண எஃகு நிப்பை அரித்துவிடும். ஆகவே தொட்டெழுதும் பேனாவின் எஃகு நிப்பை அடிக்கடி மாற்றினர், மைப்பேனாவுக்கோ 14 காரட் தங்க நிப்பை நாடினர். தங்கம் மென்மையானது என்பதால், தாளில் உரசும் நுனியில் மட்டும் இரிடியம் வகைக் கடின உலோகத் துளி ஒன்று பற்றவைக்கப்பட்டது. தங்க நிப்பு பகட்டுக்காகவே வாங்கப்பட்டது என்னும் பொதுவான எண்ணம் முழு உண்மையன்று; அரிக்கும் மை புழங்கிய காலத்தில் அது தேவையாகவும் இருந்தது.

பால் நிறுக்கும் இடத்தில் எண் யார் கையால் எழுதப்பட்டதோ அவரிடமே அதிகாரமும் இருந்தது. எழுதப்பட்டது சரியா தவறா என்று படித்துப் பார்க்க இயலாதவர் சம்பள நாளில் கைநாட்டு வைத்துப் பணம் பெற்றார். ஊரிலுள்ள தாய் தந்தையருக்குக் கடிதம் எழுதவும், அஞ்சலகத்தில் மணியார்டர் படிவம் நிரப்பவும் கிராணியையோ பள்ளி ஆசிரியரையோதான் நாட வேண்டியிருந்தது. எனவே தோட்டப்புறத்தில் சட்டைப்பையில் செருகிய பேனா, எழுதத் தெரிந்தவர் என்பதோடு பிறருக்காக எழுதிக் கொடுக்கத் தக்கவர் என்பதற்கும் அடையாளமாயிற்று. இந்நிலையை மாற்றியது கடையில் வந்திறங்கிய சரக்கன்று, பள்ளிக்கூடமே.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவை சேர்ந்த மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்துமாறு பணிக்க வகைசெய்தது. சட்டம் வந்தவுடன் நல்ல பள்ளிகள் எழுந்துவிடவில்லை. கொட்டகை ஒன்றில், கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் சில வகுப்புகளை நடத்திய இடங்களே தொடக்கத்தில் மிகுதி. ஆயினும் எண்ணிக்கை வளர்ந்தது. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்பள்ளிகளில் எழுதுகருவிக்கு ஒரு படிநிலை இருந்தது. சிறுவர் சிலேட்டில் பலப்பத்தால் எழுதினர். அடுத்துத் தாளும் பென்சிலும் வந்தன. மேல்வகுப்புக்குப் போனபின் தொட்டெழுதும் பேனாவும் மைக்கூடும் கிடைத்தன. தவறினால் அழிக்க முடியாத மையில் எழுத அனுமதி பெறுவது, கையெழுத்து அமைந்துவிட்டது என்று ஆசிரியர் கொடுக்கும் ஒப்புதலாகவே கருதப்பட்டது. சொந்தமாக ஒரு மைப்பேனா என்பது இப்படிநிலையின் கடைசிப் படி.

அப்படியை எட்ட விலை தடையாக இருந்தது. 1928இல் தென்னிந்தியத் தொழிலாளருக்கு எளிதில் சென்றடையத்தக்க வட்டாரங்களில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாகும்; பொருளாதார மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. 1941இல் அமெரிக்காவில் வெளிவந்த பார்க்கர் 51 பேனாவின் விலை அந்நாட்டில் 12.50 டாலர், அக்கால நாணய மாற்றுப்படி இது மலாயாவின் 26 வெள்ளிக்கு மேல். நாளுக்கு 50 காசு பெற்றவர் ஐம்பது நாளுக்கு மேல் மரம் வெட்டினால்தான் அத்தொகை சேரும். இதனால் தோட்ட நிர்வாகியான துரையும் பெரிய கிராணியும் அமெரிக்க, ஆங்கிலப் பேனாக்களை வைத்திருக்க, மற்றவர் மலிவான சரக்கையே நாடினர். பினாங்கும் சிங்கப்பூரும் சுங்கமற்ற துறைமுகங்களாக இருந்தமையால் மலாயாவுக்குள் பல நாட்டுப் பேனாக்கள் தடையின்றி வந்தன. பின்னாளில் பைலட் என்று பெயர் பெற்ற ஜப்பானின் நமிகி நிறுவனம் 1918இல் தொடங்கி, 1920களிலேயே சிங்கப்பூரில் கிளை திறந்தது. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன் துறைமுகத்துக்குப் போடப்பட்ட இரயில் பாதையும், பின்னர் ஈப்போவரை நீண்ட பாதையும், துறைமுகச் சரக்கு உள்நாட்டுக்கு வர வழிதிறந்தன.

தமிழ்நாட்டின் நிலையோடு ஒப்பிட்டால் மலாயா இறக்குமதியையே நம்பியிருந்தது தெளிவாகும். சுதேசி இயக்கத்தின் தாக்கத்தில் இந்தியாவில் உள்நாட்டுப் பேனாத் தொழில் எழுந்தது, இராஜமுந்திரியில் கே.வி. ரத்தினம் 1930களில் செய்த எபோனைட் பேனாவைக் காந்தியடிகள் பெற்று 1935இல் பாராட்டுக் கடிதம் எழுதினார். விடுதலைக்குப் பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, சென்னையிலும் திருவள்ளூரிலும் கைக்கடைசலில் பேனா செய்யும் தொழிலும், சாத்தூரில் நிப்பு செய்யும் சிறுபட்டறைகளும் தழைத்தன. ரப்பர்ப் பை தேவைப்படாத, ஃபில்லரால் மை ஊற்றும் எபோனைட் பேனா அங்கே நெடுங்காலம் நிலைத்ததற்கு இது ஒரு காரணம். மலாயாவில் உள்ளூர்த் தொழில் எழத் தேவை ஏற்படவில்லை. எபோனைட்டுக்கு வேண்டிய ரப்பர் கப்பலேறிப் போக, பேனா கப்பலில் வந்திறங்கியது. அதன் விளைவாக, ஊருக்குப் போகும் மலாயாத் தமிழர் கொண்டுசென்ற அன்பளிப்புகளில் கோடாலித் தைலத்தோடு வெளிநாட்டுப் பேனாவும் இடம்பெற்றது.

இரண்டாம் உலகப் போரும் அதன்பின் வந்த அவசரகாலமும் எழுத்தின் தேவையைப் பெருக்கின. 1941 டிசம்பர் இறுதியில் கம்பாரிலும் 1942 சனவரியில் சிலிம் ரிவரிலும் நடந்த போர்களுக்கு இடைப்பட்ட வழியில் தாப்பா இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் மேலைநாட்டுச் சரக்கு நின்றுபோயிற்று. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு அடையாள அட்டைப் பதிவு கட்டாயமானது. கைரேகையும் நிழற்படமும் தாங்கிய அவ்வட்டையை அடுத்து, 1950களில் குடியுரிமைக்கான விண்ணப்பங்கள் வந்தன. தம் பெயரைத் தாமே எழுதிக் கையொப்பமிடுவது அப்போது மானத்தோடு சட்ட நிலையையும் தொட்ட செய்தியாயிற்று. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளரைப் பங்குதாரர்களாகச் சேர்த்தபோதும் தோட்டந்தோறும் படிவங்கள் நிரப்பப்பட்டன.

எழுத்து அலுவலுக்கு அப்பாலும் போனது. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் தோட்டப்புற வாசகரை எட்டின. தமிழ் நேசன் 1950-51இல் நடத்திய கதை வகுப்பு, கதை எழுதப் பழக விரும்பியவர்களுக்குப் பயிற்சியளித்து, மலாயாத் தமிழ்ச் சிறுகதைக்கு ஒரு தலைமுறையை உருவாக்கியது. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் அதே பத்தாண்டில் பள்ளிப் பிள்ளைகளை எழுதவைத்தது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், தெளிவாக, மையில் எழுதி அனுப்புவது இதழ்களுக்கு எழுதுவோர் கடைப்பிடித்த முறை. செக்ரோலில் எண் நிரப்பியவருக்குத் தேவைப்படாத ஒன்று கதை எழுதுபவருக்குத் தேவைப்பட்டது: இரவில் விளக்கொளியில் பத்துப் பக்கம் தொடர்ந்து எழுதினாலும் விரல் நோகாத, அழுத்தாமலேயே மை இறங்கும் பேனா.

தமிழ் எழுத்தின் உருவமும் நிப்பின் தேர்வில் பங்குபெற்றது. ஆங்கிலப் பள்ளிகளில் பழக்கிய சாய்வெழுத்து, மேலேறும்போது மெலிந்து இறங்கும்போது தடிக்கும் கோட்டைக் கேட்டது. அதற்கு வளைந்து விரியும் நிப்பு வேண்டும். தமிழோ சுழிகளும் வளைவுகளும் நிறைந்த, ஒரே தடிமனில் ஓடும் எழுத்து. இரட்டைக்கோட்டு நோட்டில் ணகரத்தின் சுழிகளைத் தடித்த நிப்பால் எழுதினால் உள்வெளி அடைந்து ஒரே கறையாகிவிடும். மிக மெல்லிய நிப்போ வளைவில் திரும்பும்போது மலிவான தாளைக் கீறி நாரை இழுத்துக்கொள்ளும். ஈரக்காற்றில் தாள் நமத்துப்போகும் இடத்தில் மை ஊறிப் பரவுவதால், மிக மெல்லியதும் அல்லாமல் தடித்ததும் அல்லாமல், வளையாமல் நின்று எழுதும் நடுத்தர மெல்லிய நிப்பே தமிழுக்கு ஏற்றதாக அமைந்தது. ஜப்பானிய நிப்புகள் மேலைநாட்டு நிப்புகளைவிட ஏறத்தாழ ஓர் அளவு மெல்லியவை என்பதால், மெல்லியது என்று குறித்த சொல்லை மட்டும் நம்பாமல் எழுதிப் பார்த்து வாங்குவதே தக்கதாக இருந்தது.

இவ்வட்டாரத்தின் நிலவமைப்பும் பேனாவைச் சோதித்தது. 1930களின் தொடக்கத்தில் முடிந்த சாலை, கடல்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு ஏறுகிறது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்களவு குறைவதால், பாதி மையும் பாதிக் காற்றுமாக இருக்கும் பேனாவுக்குள் காற்று விரிந்து, மையை நிப்பின் வழியே வெளியே தள்ளும். தேயிலைத் தோட்டங்களுக்குப் பேனாவோடு ஏறிப்போகிறவர் அதை முழுதாக நிரப்பியோ முற்றிலும் காலிசெய்தோ, முனை மேல்நோக்கியிருக்கச் செருகியோ சென்றால்தான் சட்டை தப்பும். ஃபில்லரால் மை ஊற்றும் பேனாவில், மை குறையக் குறைய உடல்சூட்டினாலேயே இக்குறை சமவெளியிலும் தோன்றும்.

இத்தனை நிபந்தனைகளுக்கும் மலிவாக ஈடுகொடுத்தது சீனாவின் ஹீரோ பேனா. 1931இல் ஷாங்காயில் தொடங்கப்பட்ட ஆலை ஒன்றிலிருந்து வளர்ந்த இந்நிறுவனம், 1950களின் இறுதியில் பார்க்கர் 51-ஐ ஒத்த அமைப்பில் பேனா செய்யத் தொடங்கியது. நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரிய மற்றதெல்லாம் உறைக்குள் மறைந்திருந்ததால், மூடியைக் கழற்றிவைத்துச் சிறிதுநேரம் யோசித்தாலும் மை உலர்ந்துவிடுவதில்லை. மெல்லிய எஃகு நிப்பு நோட்டுத் தாளில் பரவாமல் எழுதியது. அதற்குள் அரிக்காத சாய மைகள் பரவிவிட்டமையால் தங்க நிப்பின் தேவையும் நீங்கியிருந்தது. தோட்டப்புறப் பள்ளியிலிருந்து நகரத்து இடைநிலைப் பள்ளிக்குப் போன பல பிள்ளைகளுக்கு முதல் பேனா ஹீரோவாகவே வாய்த்ததில் வியப்பில்லை.

பந்துமுனைப் பேனா இவ்வரலாற்றை வேறு திசைக்குத் திருப்பியது. ஹங்கேரியரான லாஸ்லோ பீரோ 1938இல் காப்புரிமை பெற்ற அக்கருவி, பிரான்சின் பிக் நிறுவனம் 1950இல் வெளியிட்ட மலிவுப் பேனாவால் உலகெங்கும் பரவியது. அலுவலகத்தில் அது வென்றதற்கு மலிவு மட்டும் காரணமன்று. கரித்தாள் வைத்து இரண்டு மூன்று படிகள் எடுக்க வேண்டிய இரசீதுகளை அழுத்தி எழுத வேண்டும். மைப்பேனாவை அழுத்தினால் நிப்பின் பிளவு விரிந்து கெட்டுவிடும். இதனால் பேனாவை முதலில் ஏற்ற அலுவலக மேசையே அதை முதலில் கைவிட்டது. பள்ளியோ மெதுவாக விட்டது. பந்துமுனை கையெழுத்தைக் கெடுக்கும் என்று கருதிய ஆசிரியர்கள் மாணவரை மைப்பேனாவிலேயே எழுதச் சொன்னார்கள். பந்துமுனையை அழுத்திச் சாய்த்துப் பழகிய விரலுக்கு வளைவுகள் கோணலாவதை அவர்கள் கண்டிருந்தனர். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தும் போனதில் தோட்டப் பள்ளிகள் பல மூடப்பட்டன. இன்று நாடு முழுவதும் ஐந்நூற்றுக்குச் சற்று மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளே உள்ளன.

இவ்வரலாறு இன்று முதல் மைப்பேனா வாங்குபவருக்கும் அளவுகோல் தருகிறது. நாள்தோறும் தமிழில் எழுதுபவருக்கு நடுத்தர மெல்லிய எஃகு நிப்பு போதும், தங்கம் வேண்டியதில்லை. ரப்பர்ப் பையுள்ள பழம்பேனாவைவிட, பிஸ்டனோ கழற்றி மாற்றும் மைக்குழாயோ உள்ள பேனா இத்தட்பவெப்பத்துக்கு உகந்தது. சாதாரண சாய மையை ஊற்றி, மாதம் ஒருமுறை தண்ணீரில் கழுவிவைத்தால் அது பல்லாண்டு உழைக்கும். விலையுயர்ந்த பேனாவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இவ்வட்டாரத்தின் எழுத்து வரலாற்றில் சான்றில்லை. கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள் கதையும் கட்டுரையும் எழுதியது பெரும்பாலும் மலிவான பேனாக்களால்தான்.